மறப்பவரை மறவாதிருப்போம்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தையொட்டித் துறையூரில் நடைபெற்ற முதியோர் நல அமர்வில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

எல்லாப் புகழும் ஏக இறைவனாகிய அல்லாஹ்வுக்கே உரியது. அவனுடைய அருளும் சாந்தியும் அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் நிலவட்டுமாக!

 

முதுமையில் வரும் மறதி நோயைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். நான் மருத்துவன் அல்லேன். பள்ளியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஆயினும் இந்தத் தலைப்பை நான் விரும்பி ஏற்றுக் கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. அது எனக்குப் பெருமை தரும் காரணம் அன்று. அதை முதலிலேயே உங்கள் முன் ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், பணி நிமித்தமாக வேறோர் ஊரில் நான் குடியிருந்தேன். அந்த ஊர் ஜமாஅத்தில் என்னையும் ஓர் உறுப்பினராகச் சேர்த்திருந்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்த பின் எழுபது வயதைக் கடந்த ஒரு தாயார் ஜமாஅத் அலுவலகத்திற்கு வந்தார். "மருமகள் எனக்கு இரண்டு நாளாகச் சோறு போடவில்லை, என் வளையலையும் எடுத்து ஒளித்து வைத்துக் கொண்டாள்" என்று அழுதார். மகன் சஊதி அரேபியாவில் வேலையில் இருந்தார். மருமகளை அழைத்து விசாரித்தோம். அந்தப் பெண் கதவோரம் நின்று, "மாமி இன்று காலையில்கூட என் கையால்தான் சாப்பிட்டார்கள். சாப்பிட்டதை மறந்து விடுகிறார்கள்" என்று சொன்னாள். எங்களில் ஒருவர்கூட அதை நம்பவில்லை. பெற்ற தாய்க்கு நிகரான ஒருவர் கண்ணீர் விட்டுச் சொல்லும்போது, நேற்று வந்த பெண்ணின் சொல் எம்மாத்திரம் என்று எண்ணினோம். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தீர்ப்பளித்தோம். மனம் நொந்த அந்தப் பெண், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தாய் வீட்டிற்குப் போய்விட்டாள். தீர்மானப் புத்தகத்தில் கையொப்பமிட்டவர்களுள் நானும் ஒருவன்.

நான்கு மாதங்களுக்குப் பின் வளையல் அரிசிப் பானைக்குள் கிடைத்தது. அந்தத் தாயாரே வைத்திருக்கிறார். அதற்குள் அவர் தம் சொந்தத் தெருவிலேயே வழி தெரியாமல் நிற்கும் நிலைக்கு வந்துவிட்டார். விடுப்பில் வந்த மகன் திருச்சிக்கு அழைத்துச் சென்று காட்டியபோதுதான், அது அல்சைமர் நோய் என்று மருத்துவர் கூறினார்.

வகுப்பறையில் வேதிப் பொருள்களைப் பற்றி ஆண்டுக்கணக்கில் பாடம் நடத்திய எனக்கு, ஒரு முதியவரின் மூளைக்குள் வேதிப்பொருள் குறைந்து போயிருப்பது தெரியாமல் போயிற்று. ஒரு நிரபராதிப் பெண் தண்டனை பெற்றாள். அந்தத் தவறு வேறெந்த ஜமாஅத்திலும் நிகழக் கூடாது என்பதே இன்று நான் இங்கு வந்து நிற்பதன் நோக்கம்.

நினைவு எங்கே தங்குகிறது?

மனித மூளையின் எடை ஏறத்தாழ 1.3 முதல் 1.4 கிலோகிராம். உடல் எடையில் அது ஐம்பதில் ஒரு பங்குதான். ஆனால் ஓய்வாக இருக்கும் உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக் கொள்கிறது. அதில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. ஒவ்வொரு நரம்பணுவும் ஆயிரக்கணக்கான மற்ற அணுக்களோடு தொடர்பு கொள்கிறது.

இந்த அணுக்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருப்பதில்லை. இரண்டிற்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத ஒரு நுண்ணிய இடைவெளி உண்டு. செய்தி ஓர் அணுவின் உள்ளே மின் துடிப்பாக ஓடிவருகிறது. இடைவெளியை அடைந்ததும், ஆற்றங்கரையில் வண்டியை நிறுத்திவிட்டுப் பரிசலில் ஏறுவதைப் போல, அது வேதிப்பொருளாக மாறி அக்கரை சேர்கிறது. அந்தப் பரிசல்களுள் ஒன்றின் பெயர் அசிட்டைல்கோலின். 1921இல் ஆட்டோ லோவி என்னும் அறிவியலார் இரண்டு தவளை இதயங்களைக் கொண்டு இதைக் காட்டினார். ஓர் இதயத்தின் நரம்பைத் தூண்டி அதன் துடிப்பைக் குறைத்தார். பிறகு அந்த இதயம் மூழ்கியிருந்த நீர்மத்தை எடுத்து மற்றோர் இதயத்தின் மீது விட்டார். அதுவும் துடிப்புக் குறைந்தது. ஆகவே நரம்பு ஒரு வேதிப்பொருளைச் சுரக்கிறது என்பது புலனாயிற்று. இதற்காக 1936இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்து கொண்டார்.

அதே அசிட்டைல்கோலின்தான் மூளையில் கவனத்திற்கும் புதிய செய்திகளைப் பதிவதற்கும் துணை நிற்கிறது. மூளையின் இருபுறமும் காதுக்கு நேர் உட்பக்கத்தில், கடற்குதிரையின் வடிவில் ஹிப்போகாம்பஸ் என்னும் சிறு பகுதி இருக்கிறது. இன்று நடந்ததை நாளைக்காகப் பதிந்து வைக்கும் எழுத்தர் அது என்று சொல்லலாம். பதிந்தவை நாளடைவில் மூளையின் மேற்பரப்பில் பல இடங்களில் நிலைபெறுகின்றன. கையும் காலும் பழகிப்போன செயல்கள் வேறு பகுதிகளின் பொறுப்பில் இருக்கின்றன. இந்தப் பிரிவினையை மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள், பின்னால் பயன்படும்.

அல்சைமர் கண்டது

1901ஆம் ஆண்டு, ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் அகஸ்தே டேட்டர் என்னும் 51 வயதுப் பெண்மணி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அவரிடம் முதலில் தோன்றிய அறிகுறி என்ன தெரியுமா? கணவர் மீது காரணமற்ற சந்தேகம். அதன் பின் மறதி வந்தது. பொருள்களை எடுத்து எங்கெங்கோ ஒளித்து வைக்கலானார். தம் பெயரை முழுமையாக எழுதவும் இயலாமற் போயிற்று. நூறாண்டு கழித்து நம் ஜமாஅத் அலுவலகத்தில் வந்து அழுத தாயாருக்கும் அந்த அம்மையாருக்கும் எத்தனை ஒற்றுமை என்பதை எண்ணிப் பாருங்கள்!

1906இல் அவர் இறந்த பின், மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர் அவருடைய மூளைத் திசுவை வெள்ளிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். நரம்பணுக்களுக்கு வெளியே திட்டுத் திட்டாகப் படிவுகள். உள்ளே நூல் சிக்குண்டது போன்ற முடிச்சுகள். 1910இல் அவருடைய பெயராலேயே நோய் அழைக்கப்படலாயிற்று.

வெளியே உள்ள படிவு, அமிலாய்டு என்னும் புரதத் துண்டுகளால் ஆனது. அணுவின் மேலுறையில் இயல்பாக இருக்கும் ஒரு பெரிய புரதத்தை நொதிகள் வெட்டும்போது இத்துண்டுகள் உண்டாகின்றன. இளமையில் மூளை அவற்றைத் துப்புரவாக்கி விடுகிறது. துப்புரவு குறைந்தாலோ, ஒட்டும் தன்மை மிகுந்த துண்டுகள் பெருகினாலோ அவை திரண்டு படிகின்றன. உள்ளே உள்ள முடிச்சு, டௌ என்னும் புரதத்தால் ஆனது. நரம்பணுவுக்குள் சத்துப் பொருள்கள் செல்லும் நுண்குழாய்களை நிலைநிறுத்துவது டௌவின் வேலை. அதில் பாஸ்பேட் அளவுக்கு மீறி ஒட்டிக்கொள்ளும்போது அது குழாயை விட்டு நழுவி, தனக்குள்ளேயே முறுக்கிக் கொள்கிறது. குழாய் சரிகிறது, அணு பட்டினியால் மடிகிறது.

இந்தப் படிவு வெளியில் அறிகுறி தெரிவதற்குப் பதினைந்து, இருபது ஆண்டுகள் முன்னரே தொடங்கிவிடுகிறது. எழுபதில் மறப்பவருக்கு ஐம்பதிலேயே வித்து விழுந்துவிட்டது என்று பொருள்.

1970களின் பிற்பகுதியில் ஆய்வாளர்கள் மற்றோர் உண்மையைக் கண்டனர். இந்நோயால் இறந்தோரின் மூளையில், அசிட்டைல்கோலினைத் தயாரிக்கும் நொதி வெகுவாகக் குறைந்திருந்தது. அப்பொருளை மூளை முழுவதற்கும் அனுப்பும் அணுத்தொகுதி மூளையின் அடிப்பகுதியில் உண்டு, அதுவும் அழிந்திருந்தது பிற்பாடு தெரியவந்தது. பரிசல்கள் குறைந்துவிட்டன. சரக்கு இக்கரையிலேயே தேங்கிவிட்டது.

இப்போது மீண்டும் அந்தத் தாயாரிடம் வருவோம். அவர் பொய் சொல்லவில்லை. காலையில் சாப்பிட்டது அவருடைய மூளையில் பதியவே இல்லை. பதியாத ஒன்றை எவ்வளவு வற்புறுத்தினாலும் நினைவுகூர முடியாது. வளையலை ஒளித்து வைத்ததும் அப்படியே. வைத்த இடம் பதியவில்லை. வளையல் இல்லை என்பது மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது. இடையில் உள்ள வெற்றிடத்தை மனம் தானே இட்டு நிரப்புகிறது: "யாரோ எடுத்துவிட்டார்கள்." அருகில் இருப்பவர் யாரோ, அவர் மீதே பழி விழுகிறது. ஆகவே இந்நோயில் மிகுதியாகக் குற்றஞ்சாட்டப்படுபவர் பெரும்பாலும் மிகுதியாகப் பணிவிடை செய்பவர்தான். இந்த ஒரு செய்தியை மட்டும் நீங்கள் இன்று வீட்டிற்கு எடுத்துச் சென்றாலும் எனக்குப் போதும்.

மருந்து உண்டா?

அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் ஒரு நொதி உண்டு. அந்த நொதியைத் தடுத்து, இருக்கிற கொஞ்சத்தை நீடிக்கச் செய்பவை டோனிபெசில், ரிவாஸ்டிக்மின், காலன்டமின் ஆகிய மருந்துகள். குளுட்டமேட் என்னும் மற்றொரு தூதுப் பொருளின் மிகைத் தூண்டலை மட்டுப்படுத்துவது மெமன்டைன். இவை நம் நாட்டிலேயே தயாராகின்றன. நோயை வேரறுப்பவை அல்ல; சிலருக்குச் சில காலம் நிலைமையைத் தாங்கிப் பிடிப்பவை. குமட்டல், நாடித்துடிப்புக் குறைதல் போன்ற பக்க விளைவுகள் உண்டாதலால் மருத்துவர் கண்காணிப்பிலேயே உட்கொள்ள வேண்டும்.

அமிலாய்டுப் படிவையே அகற்றும் லெகனமாப் என்னும் ஊசி மருந்துக்கு அமெரிக்கா 2023இல் முழு ஒப்புதல் அளித்தது. தொடக்க நிலையில் இருப்போருக்கு, 18 மாதச் சோதனையில், நலிவின் வேகத்தை அது ஏறத்தாழ 27 விழுக்காடு குறைத்தது. எனினும் மூளை வீக்கம், இரத்தக் கசிவு ஆகிய ஆபத்துகள் உண்டு. போன நினைவை அது மீட்டுத் தராது.

கருஞ்சீரகம், தேன், மஞ்சள் ஆகியவற்றைப் பற்றியும் கேட்கிறார்கள். கருஞ்சீரகத்தின் சிறப்பை நாம் நபிமொழி வாயிலாக அறிந்திருக்கிறோம். அதை உண்ணுவதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் அதை மட்டும் நம்பி மருத்துவரிடம் காட்டாதிருப்பதும், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உண்ணும் மாத்திரையை நிறுத்துவதும் மார்க்கம் சொன்ன வழியன்று. மருத்துவம் செய்து கொள்ளுங்கள் என்பதும் நபிகளாரின் கட்டளைதானே?

எல்லா மறதியும் இந்நோய் அன்று

சாவியை வைத்த இடத்தை மறப்பது எல்லார்க்கும் உள்ளது. சாவி எதற்கு என்பதையே மறப்பது நோய். தெரிந்தவரின் பெயர் சற்று நேரம் நாவில் வராதிருப்பது முதுமை. பெற்ற மகனை யாரென்று கேட்பது நோய். தொழுகையில் ரக்அத் எண்ணிக்கையில் ஐயம் எல்லார்க்கும் வரும். அசர் தொழுதுவிட்டு வீட்டிற்கு வந்து, கால் மணி நேரத்தில் மீண்டும் அசருக்குக் கிளம்புவதும், அது நாள்தோறும் நிகழ்வதும் கவனிக்க வேண்டிய அடையாளம்.

அதே வேளையில், முற்றிலும் குணப்படுத்தக்கூடிய மறதியும் உண்டு. தைராய்டு சுரப்புக் குறைவு, வைட்டமின் பி12 பற்றாக்குறை, இரத்தத்தில் சோடியம் குறைதல், மனச்சோர்வு ஆகிய யாவும் மறதியாகவும் குழப்பமாகவும் வெளிப்படக் கூடும். குளியலறையில் வழுக்கி விழுந்த முதியவருக்குச் சில வாரங்கள் கழித்து மண்டையோட்டுக்குள் இரத்தம் கட்டிக் குழப்பம் வரலாம். அறுவை செய்து அகற்றினால் பெரும்பாலும் தெளிவு திரும்பும். இவற்றை இரத்தப் பரிசோதனையாலும் ஸ்கேன் மூலமும் கண்டறியலாம். "வயதாகிவிட்டது, அப்படித்தான்" என்று விட்டுவிடுவதால் குணமாக வேண்டியவரும் குணமாகாமற் போகிறார்.

மற்றொன்றையும் வேதியியல் ஆசிரியன் என்ற முறையில் எச்சரிக்கிறேன். அசிட்டைல்கோலினின் வேலையைத் தடுக்கும் மருந்துகள் பல, கடையில் சீட்டின்றி வாங்கப்படுகின்றன. சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கும் குளோர்பெனிரமின், டைபென்ஹைட்ரமின் ஆகியவை அவ்வகையைச் சேர்ந்தவை. தூக்கம் வருகிறதே என்று முதியோருக்கு இவற்றை இரவுதோறும் கொடுப்பவர்கள் உண்டு. ஏற்கெனவே பரிசல் குறைந்த ஆற்றில், இருப்பதையும் கட்டிப்போடுவதற்கு ஒப்பானது இது. முதியவரிடம் திடீரென்று குழப்பம் மிகுந்தால், அண்மையில் புதிதாக என்ன மாத்திரை தொடங்கினோம் என்பதை முதலில் பாருங்கள். உண்ணும் மாத்திரைகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுங்கள்.

இதை ஜின் கோளாறு, செய்வினை என்று சொல்லித் தகடும் தாயத்தும் தேடி ஊர் ஊராக அலைவதில் கழிந்துபோகும் காலம், குணப்படுத்தக்கூடிய காலமாக இருக்கலாம். துஆவும் செய்வோம், மருத்துவரிடமும் அழைத்துச் செல்வோம்.

நம்மிடையே எத்தனை பேர்?

இது மேல்நாட்டு நோய் என்று ஒரு காலத்தில் எண்ணினார்கள். நம் மாநிலத்திலேயே, திருப்போரூர் வட்டாரக் கிராமங்களில் நடத்தப்பட்டு 1997இல் வெளியான ஆய்வு, 60 வயதைக் கடந்தோரில் 3.5 விழுக்காட்டினருக்கு மறதி நோய் இருப்பதைக் காட்டியது. பிற்பாடு சென்னையிலும் வேலூர் வட்டாரக் கிராமங்களிலும் பன்னாட்டு ஆய்வுக் குழுவொன்று வீடு வீடாகச் சென்று ஆராய்ந்தது. நாடளாவிய ஆய்வு ஒன்றின் முடிவு 2023இல் வெளியாயிற்று. 60 வயதைக் கடந்த இந்தியரில் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், மறதி நோயோடு வாழ்கிறார்கள் என அது மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடத்திலும், நகரங்களைவிடக் கிராமங்களிலும் இது மிகுதி. மறதி நோய் பலவகைப்படும். உலக அளவில் அவற்றுள் 60 முதல் 70 விழுக்காடு அல்சைமர் வகையைச் சேர்ந்தது.

கேரளத்தின் திருச்சூரில் மருத்துவர் கே. எஸ். ஷாஜி குழுவினர், நோயாளிகளைப் பராமரிப்போரைச் சந்தித்து ஆராய்ந்து 2003இல் எழுதினார்கள். பராமரிப்போரில் பெரும்பாலோர் பெண்கள். நோயின் செயல்களைப் பலர் வேண்டுமென்றே கொடுக்கும் தொல்லையாகவே கருதியிருந்தனர். அதை வாசித்தபோது எங்கள் தீர்மானப் புத்தகம் என் கண் முன்னே வந்து நின்றது.

தடுக்க இயலுமா?

2024இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம், மாற்றக்கூடிய 14 காரணிகளைப் பட்டியலிட்டது. அவற்றை முற்றிலும் நீக்க இயன்றால், உலகில் உண்டாகும் மறதி நோயில் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ கூடும் என்று கூறியது. சர்க்கரை, இரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு, புகைபிடித்தல், உடல் பருமன், உடலுழைப்பின்மை, தலைக்காயம், கல்விக் குறைவு, மனச்சோர்வு, தனிமை, காது கேளாமை, பார்வைக் குறைவு ஆகியவை அவற்றுள் அடங்கும்.

இவற்றுள் நம் சமுதாயத்தார் அதிகம் பொருட்படுத்தாதது காது கேளாமை. பயானின்போது தூணோரம் அமர்ந்து, எதுவும் காதில் விழாமல் தலையை மட்டும் அசைத்துக் கொண்டிருக்கும் பெரியவர்களை நாம் பார்க்கிறோம். கேளாதவர் பேச்சைக் குறைக்கிறார்; பேச்சைக் குறைத்தவர் தனிமையில் ஒடுங்குகிறார்; தனித்த மூளை வேலையின்றி நலிகிறது. செவிக் கருவியும் கண்புரை அறுவையும் அறிவைக் காக்கும் சாதனங்கள் என்று எண்ணிக் கொள்ளுங்கள். இளைஞர்களே, தலைக்கவசமும் அப்படியே.

மகிழ்ச்சியான ஒரு செய்தியும் உண்டு. ஹைதராபாத்தில் 648 மறதி நோயாளிகளை ஆராய்ந்து மருத்துவர் சுவர்ணா அல்லாடி குழுவினர் 2013இல் வெளியிட்ட கட்டுரையின்படி, இரண்டு மொழிகள் பேசுவோருக்கு நோய் ஏறத்தாழ நாலரை ஆண்டுகள் தாமதமாகத் தோன்றியது. எழுதப் படிக்கத் தெரியாதவரிடத்தும் இந்த வேறுபாடு காணப்பட்டது. வீட்டில் உருதும் கடைத்தெருவில் தமிழும் பேசும் குடும்பங்கள் இதைக் கேட்டு மகிழலாம்.

மார்க்கம் காட்டும் வழி

திருமறையின் 16ஆம் அத்தியாயத்தின் 70ஆம் வசனமும், 22ஆம் அத்தியாயத்தின் 5ஆம் வசனமும் ஒரு பருவத்தைச் சுட்டுகின்றன: அறிந்திருந்த பின் ஒன்றுமே அறியாதவராகிவிடும் தள்ளாமைப் பருவம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே அத்தகைய முதுமையிலிருந்து அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடியுள்ளார்கள். ஆகவே இது எவருக்கும் இழிவு அன்று. படைத்தவன் நமக்கு முன்னறிவித்த ஒரு சோதனை.

மூவரை விட்டும் எழுதுகோல் உயர்த்தப்பட்டுவிட்டது என்னும் கருத்துடைய நபிமொழியை நாம் அறிவோம். உறங்குபவர் விழிக்கும் வரையிலும், குழந்தை பருவமடையும் வரையிலும், அறிவு நீங்கியவர் தெளியும் வரையிலும் அவர்கள் மீது குற்றம் எழுதப்படுவதில்லை. அல்லாஹ்வே எழுதாமல் விட்ட ஒன்றை, நாம் ஏன் மனத்தில் எழுதி வைத்துக்கொண்டு அந்த முதியவரைக் கடிந்துகொள்ள வேண்டும்? தொழுகையிலும் நோன்பிலும் அவர்களுக்கு உள்ள சலுகைகளை ஹஜ்ரத் அவர்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

பெற்றோரை நோக்கிச் "சீ" என்றும் சொல்லாதீர் என்பது இறைக் கட்டளை. அந்த வசனம் குறிப்பாக முதுமையை எட்டிய பெற்றோரைப் பற்றியே பேசுகிறது. ஒரே கேள்வியை நூறு முறை கேட்கும் தாய்க்கு நூறாவது முறையும் முகம் சுளிக்காமல் விடை சொல்வதுதான் அந்தக் கட்டளையின் கடினமான பகுதி.

"எதுவும் நினைவில் நிற்காதவரிடம் அன்பு காட்டி என்ன பயன்?" என்று சிலர் கேட்கலாம். அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தார் 2014இல் இதற்கு விடை கண்டார்கள். அல்சைமர் நோயாளிகளுக்குத் துயரமூட்டும் காட்சிகளையும் மகிழ்வூட்டும் காட்சிகளையும் திரையில் காட்டினார்கள். சிறிது நேரத்தில் காட்சியை அவர்கள் மறந்துவிட்டார்கள். ஆனால் அது தந்த துயரும் மகிழ்வும் நீடித்து நின்றன. நாம் பேசிய சொல் மறந்து போகும். நாம் உண்டாக்கிய மனநிலை தங்கும். காலையில் கடிந்து பேசினால், காரணம் தெரியாத ஒரு துக்கத்தோடு அந்தப் பெரியவர் மாலைவரை அமர்ந்திருப்பார்.

முன்பு சொன்ன பிரிவினையை இங்கே நினைவுகூருங்கள். புதிய பதிவு பழுதானாலும் பழைய பதிவும் கைப்பழக்கமும் நெடுநாள் நிற்கின்றன. பேரனின் பெயரை மறந்தவரும், சிறு வயதில் மக்தபில் ஓதிய சூராக்களைத் தடையின்றி ஓதுவதுண்டு. ஒளூவின் வரிசை கைக்கு நினைவிருக்கும். ஆகவே, அவரால் இயலும்வரை பள்ளிவாசலுக்கு அழைத்து வாருங்கள். ஒரு ரக்அத் கூடுதலாகத் தொழுதுவிட்டால் இளைஞர்கள் சிரிக்க வேண்டாம். அருகில் நிற்பவர் மெல்லத் தோளைத் தொட்டு அமரச் செய்தால் போதும்.

ஜமாஅத்திற்கு என் வேண்டுகோள்கள்

முதலாவதாக, முதியவர் எவரேனும் தம் வீட்டார் மீது உணவு, நகை, பணம் குறித்து முறையிட்டால், அதை அலட்சியம் செய்யாதீர்கள். உண்மையாகவே முதியோரைப் பட்டினி போடும் வீடுகளும் உண்டு. ஆனால் விசாரணையின் ஒரு பகுதியாக அவருக்கு மருத்துவப் பரிசோதனை செய்யுங்கள். இரு தரப்பையும் கேட்கும் முன் தீர்ப்புச் சொல்ல வேண்டாம் என்று அலீ (ரலி) அவர்களுக்கு நபிகளார் அறிவுறுத்தினார்கள். இங்கே மூன்றாவது தரப்பு ஒன்று உண்டு, அது நோய். அதையும் கேட்க வேண்டும்.

இரண்டாவதாக, சொத்து. அறிவு தெளிவாக இல்லாதவரிடம் கையொப்பமும் கைநாட்டும் வாங்குவது அநீதி. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமும் தெளிந்த மனநிலையை வலியுறுத்துகிறது. திருமறையின் 2ஆம் அத்தியாயம் 282ஆம் வசனம், கடன் வாங்கியவர் அறிவில் பலவீனராக இருந்தால் அவருடைய பொறுப்பாளர் நீதியோடு வாசகம் சொல்லட்டும் என்கிறது. நோய் தொடக்க நிலையில் இருக்கும்போதே, குடும்பத்தார் அனைவரும் அறிய, கடன், அமானிதம், வஸிய்யத் ஆகியவற்றை எழுதி வைப்பது நலம்.

மூன்றாவதாக, வழி தவறுதல். நம் துறையூர், திருச்சி, முசிறி, பெரம்பலூர் எனப் பல திசைகளுக்கும் பேருந்து புறப்படும் ஊர். பெரிய ஏரியும் சின்ன ஏரியும் அருகிலேயே உள்ளன. பஜ்ருக்குக் கிளம்பும் பெரியவர் எத்திசையில் போனார் என்று தேடுவது எளிதன்று. அவர் சட்டைப் பையில் முகவரியும் தொலைபேசி எண்ணும் எழுதிய அட்டை இருக்கட்டும். தொழுகை முடிந்ததும் அவரை வீட்டு வாசல்வரை கொண்டுவிட அத்தெரு இளைஞர் ஒருவரைப் பொறுப்பாக்கலாம்.

நான்காவதாக, பராமரிக்கும் பெண்கள். இரவில் உறங்காத ஒரு நோயாளியை ஒருவரே ஆண்டுக்கணக்கில் பார்த்துக் கொள்ள முடியாது. மகன் வெளிநாட்டில், மருமகள் வீட்டில் என்ற நிலையில், மற்ற பிள்ளைகள் வாரத்தில் ஒரு நாளாவது வந்து பொறுப்பை ஏற்க வேண்டும். வசதியற்ற குடும்பத்திற்கு மருந்துச் செலவைப் பைத்துல் மாலிலிருந்து கொடுப்பது பற்றி நிர்வாகம் ஆலோசிக்க வேண்டும்.

எங்கே காட்டுவது என்று கேட்பீர்கள். துறையூர் அரசு மருத்துவமனையில் தொடங்குங்கள். தேவைப்பட்டால் திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மனநலம் பற்றிய ஆலோசனைக்கு 14416 என்னும் எண்ணிலும், முதியோர் உதவிக்கு 14567 என்னும் எண்ணிலும் கட்டணமின்றிப் பேசலாம். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரைகள் வீட்டிற்கே வருகின்றன. அவற்றை ஒழுங்காக உட்கொள்வதே பலருக்கு முதல் தற்காப்பு.

பெரியோர்களே! அந்த மருமகளைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். நோய் இன்னதென்று தெரிந்த பின் நாங்கள் சிலர் அவளுடைய தாய் வீட்டிற்குச் சென்றோம். மன்னிப்புக் கேட்கச் சொன்ன நாங்களே மன்னிப்புக் கேட்டோம். அவள் அதிகம் பேசவில்லை. "மாமி சாப்பிட்டார்களா?" என்று மட்டும் கேட்டாள். மறுநாளே திரும்பி வந்து, அந்தத் தாயார் மவுத்தாகும்வரை உடனிருந்தாள். கடைசி ஓராண்டில் மாமிக்கு அவள் பெயர் தெரியாது. மருமகள் என்பதும் தெரியாது. ஆனால் அவள் கையால் கொடுத்தால்தான் வாயைத் திறப்பார்.

தீர்மானப் புத்தகத்தில் நாங்கள் எழுதியதை அடித்துத் திருத்தி எழுதினோம். அல்லாஹ்வின் ஏட்டில் எங்கள் பிழை பொறுக்கப்பட வேண்டுமென்று இன்றும் துஆச் செய்கிறேன்.

மறந்து போனவர்களை நாம் மறவாதிருக்கவும், அவர்களைத் தாங்கி நிற்பவர்கள் மீது பழி சுமத்தாதிருக்கவும், நம் அனைவரையும் தள்ளாமையின் துன்பத்திலிருந்து காத்து, ஈமானோடு வாழ்ந்து ஈமானோடு மறையவும் வல்ல நாயன் அருள் புரிவானாக! ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன். அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.